மரண வாக்குமூலம் வாங்க ஒரு கம்பி

எங்கள் அலுவலகத்துக்கு வந்த தணிக்கை அறிக்கை ஒன்றில் இப்படி ஒரு வரி இருந்தது: "மெய்நிகர் இயந்திரங்களில் பயன்பாட்டில் இல்லாத பழைய சாதனங்கள் காணப்படுகின்றன. ஃப்ளாப்பி, பேரலல் போர்ட், சீரியல் போர்ட், கன்சோல். நீக்கவும்." பக்கத்துக் கட்டத்தில் மஞ்சள் நிறம். மஞ்சள் என்றால் 30 நாள் அவகாசம். நாங்கள் நான்கே நாளில் முடித்தோம். மொத்தம் 43 இயந்திரங்கள். முடித்துவிட்டோம் என்று கையெழுத்துப் போட்டவன் நான்.

அதற்கு ஐந்து மாதம் கழித்து, அந்த அறிக்கையைக் கண்ணால்கூடப் பார்த்திராத ஒரு பையனுக்கு வேலை போனது.

இதை எழுத வேண்டும் என்று நினைத்து இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். சமீபத்தில் ஒரு தொழில்நுட்பக் கூட்டத்தில் இளைஞர் ஒருவர் மேடையேறி, "சீரியல் கன்சோல்லாம் டைனோசர் காலத்து சமாச்சாரம், மாடர்ன் மெஷின்ல அதுக்கு என்ன வேலை?" என்று கேட்டார். அரங்கம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் துறையில் 'பழசு' என்ற சொல்லே ஒரு முழு வாதமாக ஏற்றுக்கொள்ளப்படுகிறது. பழசு என்று சொல்லிவிட்டால் போதும், அதற்கு மேல் யாரும் காரணம் கேட்பதில்லை. அன்று நானும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய சர்வர் ஒன்றுக்குள் இருபது, முப்பது பாவனைக் கம்ப்யூட்டர்களை ஓடவிடலாம். அவைதான் மெய்நிகர் இயந்திரங்கள். உங்கள் வங்கி, மருத்துவமனை, ரயில் முன்பதிவு எல்லாம் இப்படிப்பட்ட பாவனைகளின் மேல்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. லினக்ஸில் இதைச் செய்வது கேவிஎம், க்யூஎமு என்ற இரண்டும். இவற்றை மேய்ப்பது லிப்வர்ட். ஓர் இயந்திரத்துக்கு என்னென்ன உறுப்புகள் என்பதை லிப்வர்ட் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதி வைத்திருக்கும். இத்தனை நினைவகம், இந்த டிஸ்க், இந்த நெட்வொர்க் அட்டை, இந்த சீரியல் போர்ட். உறுப்பு சேர்ப்பது நாலு வரி தட்டுவது, எடுப்பது நாலு வரி அழிப்பது. நிஜக் கம்ப்யூட்டரில் ஒரு போர்ட்டைப் பிடுங்க வேண்டுமென்றால் ஸ்க்ரூ டிரைவர் எடுக்க வேண்டும், எடுக்கும்போது இது எதற்கு என்று ஒரு நிமிடமாவது தோன்றும். இங்கே அந்த ஒரு நிமிடம் கிடையாது.

சீரியல் என்பது ஒற்றையடிப் பாதை. ஒரு எழுத்தின் பிட்டுகள் ஒன்றன் பின் ஒன்றாக ஒரே கம்பியில் போகும். ஆர்எஸ்-232 என்ற அதன் தரம் 1960-இல் வந்தது. அந்தக் கம்பியின் மறுமுனையில் அன்றைக்கு இருந்தது டெலிடைப், அதாவது தந்தி அலுவலகத்துத் தட்டச்சுப் பொறி மாதிரி ஒன்று. இன்றும் லினக்ஸில் முனையத்துக்கு டிடிஒய் என்று பெயர், அந்த டெலிடைப்பின் சுருக்கம்தான் அது. 1981-இல் ஐபிஎம் பிசி வந்தபோது 8250 என்ற சிப் இந்த வேலையைச் செய்தது. பிறகு 16550ஏ வந்தது, 16 பைட் பிடித்து வைக்கும் சின்னத் தொட்டியோடு. இன்றைக்குப் பல கோடி ரூபாய் சர்வருக்குள் ஓடும் க்யூஎமு, அட்சரம் பிசகாமல் அந்த 16550ஏ மாதிரியே நடித்துக்காட்டுகிறது.

ஏன் இத்தனை வருடம் கழித்தும் அதே பழைய நடிப்பு? இதற்கான பதிலில்தான் என் வழக்கு முழுவதும் இருக்கிறது.

ஓர் இயந்திரம் சாகும்போது, கெர்னல் ஏதோ ஒரு தப்பான முகவரியைத் தொட்டு நிலைகுலையும்போது, தனக்கு என்ன ஆயிற்று என்று யாரிடமாவது சொல்லிவிட்டுச் சாக நினைக்கிறது. டிஸ்க்கில் எழுத வேண்டுமானால் கோப்பு முறைமை, அதற்குக் கீழே டிரைவர், அதற்கு இன்டரப்ட், வரிசை, பூட்டு எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். சாகிற இயந்திரத்தில் எது ஒழுங்காக இருக்கும்? நெட்வொர்க் வழியே அனுப்ப வேண்டுமானால் அதற்கும் ஒரு பட்டாளம் உயிரோடு இருக்க வேண்டும். சீரியலுக்கு எதுவும் வேண்டாம். 3எஃப்8 என்ற முகவரியில் ஒரு பைட்டைப் போடு. தொட்டி காலியா என்று பார். அடுத்த பைட்டைப் போடு. அவ்வளவுதான். நினைவகம் கேட்காது, இன்டரப்ட் கேட்காது. முக்கால்வாசி செத்த கெர்னலால்கூட முடிகிற காரியம் அது ஒன்றுதான்.

நம்மூரில் தீக்காய வார்டில் மாஜிஸ்திரேட்டு வந்து உட்கார்ந்து மரண வாக்குமூலம் வாங்குவார். 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 32-ஆவது பிரிவு அதைச் சாட்சியமாக ஏற்றது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் 26-ஆவது பிரிவாக அது தொடர்கிறது. சட்டப் புத்தகத்தையே மாற்றியவர்கள்கூட அந்தப் பிரிவைப் பழசு என்று தூக்கிப் போடவில்லை. நாங்கள் தூக்கிப் போட்டோம். 43 இயந்திரங்களின் வாயைத் தைத்துவிட்டு, பாதுகாப்பு கூடிவிட்டது என்று பச்சை நிறம் வாங்கினோம்.

தைத்த கதையும் வேடிக்கையானது. லிப்வர்ட்டில் சீரியல், கன்சோல் என்று இரண்டு பகுதிகள் இருக்கும். எக்ஸ்86 இயந்திரங்களில் முதல் கன்சோல் என்பது முதல் சீரியலின் இன்னொரு பெயர், அவ்வளவுதான். பழைய பழக்கத்துக்காக இரண்டு இடத்திலும் எழுதி வைக்கிறார்கள். எங்கள் ஆட்கள் முதலில் சீரியலை மட்டும் அழித்தார்கள். சேமித்துவிட்டுத் திறந்தால் அது மறுபடி அங்கே இருக்கிறது! கன்சோல் இருப்பதைப் பார்த்து லிப்வர்ட் தானே சீரியலைத் திரும்ப எழுதிவிட்டது. கன்சோலை மட்டும் அழித்தால் சீரியலைப் பார்த்துக் கன்சோலை எழுதும். "என்னண்ணா, பேய் மாதிரி திரும்பத் திரும்ப வருது" என்றான் ஒருவன். இரண்டையும் சேர்த்து அழித்தால்தான் போகும் என்று சொல்லிக் கொடுத்ததும் நான்தான். ஒரு மென்பொருள் இத்தனை தடவை திருப்பி வைக்கிறதே, ஏதோ காரணம் இருக்குமோ என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

ஐந்து மாதம் கழித்து, ஒரு பரிசோதனைக்கூடத்தின் முடிவுகளை வைத்திருந்த இயந்திரம் இரவில் விழ ஆரம்பித்தது. மூன்று நாளைக்கு ஒருமுறை, சிலசமயம் ஐந்து நாளைக்கு ஒருமுறை, எப்போதும் இரவு 2 மணிக்கு மேல். விழுந்தால் பத்து நொடியில் தானே எழுந்துகொள்ளும்படி அமைத்திருந்தோம். அதனால் காலையில் போய்ப் பார்த்தால் எல்லாம் சுகம். பதிவேட்டில் மட்டும் ஒரு ஓட்டை. 2 மணி 14 நிமிடம் வரை சாதாரண வரிகள். அடுத்த வரி 2 மணி 15 நிமிடம், புதிதாக எழுந்த இயந்திரத்தின் முதல் வரி. நடுவில் என்ன நடந்தது என்று ஒரு எழுத்துகூடக் கிடையாது.

இரவுப் பணியில் இருந்தவன் விழுப்புரம் பக்கத்துப் பையன். ஒப்பந்த ஊழியர், சேர்ந்து எட்டு மாதம். 2 மணிக்கு பேக்கப் ஓட ஆரம்பிக்கும், அது ஓடுகிறதா என்று 2:05-க்கு அவன் உள்ளே நுழைந்து பார்ப்பான். அது அவன் வேலை. இயந்திரம் விழுந்த ஒவ்வொரு இரவிலும், விழுவதற்குச் சில நிமிடம் முன்பு உள்ளே நுழைந்தவர் பட்டியலில் அவன் பெயர் மட்டும் இருந்தது. வெளியிலிருந்து யாராவது ரீசெட் அடித்தாலும் தடயம் இதே மாதிரிதான் இருக்கும். மேலாளர் அதைப் பிடித்துக்கொண்டார். "தூங்கிட்டு, ஸ்லோவா இருக்குன்னு ரீசெட் அடிக்கிறான் சார், வேற என்ன?"

எனக்குப் போன் செய்தான். "அண்ணா, நான் ஒண்ணுமே பண்ணலண்ணா. பேக்கப் ஓடுதான்னு பாத்தேன், அவ்ளோதான்."

"தெரியும்பா."

"நீங்க சொல்லுங்கண்ணா அவங்ககிட்ட."

என்னத்தைச் சொல்வது? அவன் செய்யவில்லை என்று காட்ட என்னிடம் ஒரு வரிகூட இல்லை. பிறகு யார் செய்தது என்று கேட்டால் அதற்கும் பதில் இல்லை. சாட்சி இல்லாத இடத்தில் பழி எப்போதும் கீழ்ப்படி தேடித்தான் இறங்குகிறது. ஆறாவது தடவை விழுந்த வாரத்தில் அவனுடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

அவன் போன பிறகும் இயந்திரம் விழுந்தது. அப்போதுதான் எனக்குச் சொரணை வந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. தானாக எழும் ஏற்பாட்டை நிறுத்திவைத்தேன். அடுத்த முறை விழுந்தபோது நள்ளிரவில் வீட்டிலிருந்து தாய் சர்வருக்குள் போய் விர்ஷ் கன்சோல் என்று தட்டினேன். பழக்கதோஷம். அப்படி ஒரு சாதனமே கிடைக்கவில்லை என்று பதில் வந்தது. நானே பிடுங்கியதல்லவா. சரி என்று விஎன்சி வழியாகத் திரையைப் பார்த்தேன். கறுப்புத் திரையில் 25 வரி, ஒரு நீண்ட புலம்பலின் கடைசி 25 வரி. முகவரிகள், எண்கள், இன்டரப்ட்டுக்குள் மீளமுடியாத பிழை என்று ஒரு முடிவுரை. எதனால் என்று சொல்லும் முதல் வரிகள் மேலே ஏறிப் போய்விட்டன. மேலே உருட்டிப் பார்க்க முடியாது. செத்த இயந்திரத்துக்குக் கீபோர்டு வேலை செய்யாது என்பது ஒருபக்கம். 2020-இல் லினக்ஸ் கெர்னலிலிருந்து திரையைப் பின்னோக்கி உருட்டும் வசதியையே எடுத்துவிட்டார்கள், பராமரிக்க ஆளில்லை என்று. சரியான முடிவுதான், குறை சொல்லவில்லை. ஆனால் 'திரை இருக்கிறதே, சீரியல் எதற்கு' என்பவர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். செல்போனில் அந்தத் திரையைப் படம் பிடித்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் யாரையும் கேட்காமல் அந்த நாலு வரியைத் திரும்ப எழுதினேன். கூடவே வருவதையெல்லாம் ஒரு கோப்பில் சேமிக்கச் சொல்லி ஒரு வரி. இயந்திரத்தை முழுதாக நிறுத்தி எழுப்பினேன். இந்த சாதனத்தை ஓடும்போதே செருக முடியாது. நாலாம் நாள் இரவு 2:11-க்கு மறுபடி விழுந்தது. இந்தமுறை பேசிவிட்டு விழுந்தது. நூற்றுச் சொச்சம் வரி. மேலே இருந்த வரிகளிலேயே காரணம் இருந்தது. பேக்கப் மென்பொருள் கெர்னலுக்குள் ஏற்றியிருந்த மாட்யூல், இல்லாத முகவரி ஒன்றைத் தொட்டிருக்கிறது. மாட்யூலின் பெயரே அதில் இருந்தது. அந்த மென்பொருளை விற்றவர்களுக்கு அனுப்பினோம், தவறை ஒப்புக்கொண்டு திருத்திய பதிப்பைக் கொடுத்தார்கள்.

பையனைத் தேடிப் பிடித்து அந்த வரிகளை வாட்ஸாப்பில் அனுப்பினேன். ஓசூரில் வேறு வேலைக்குப் போயிருந்தான். "ஓகேண்ணா" என்று பதில் வந்தது. அவ்வளவுதான்.

கேடம்ப் வைத்திருக்கலாமே என்று துறைக்காரர்கள் கேட்பார்கள். வைத்திருக்கலாம். அதற்கு நினைவகத்தில் தனி இடம் ஒதுக்க வேண்டும், செத்த கெர்னலுக்குப் பக்கத்தில் இன்னொரு கெர்னல் எழ வேண்டும், அது டிஸ்க்கைத் தொட்டு எழுத வேண்டும். சின்ன இயந்திரங்களில் எத்தனை பேர் ஒதுக்குகிறீர்கள் என்று மனசாட்சியோடு சொல்லுங்கள். கேடம்ப் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது பிரேதப் பரிசோதனை. நான் பேசுவது வாக்குமூலத்தைப் பற்றி.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் தணிக்கையாளர்களைவிட ஆபத்தானவர்கள், ஏனென்றால் புத்திசாலிகள். சர்வர்களைச் செல்லப் பிராணியாக வளர்க்காதே, கால்நடையாக நடத்து என்பது அவர்களுடைய வேதவாக்கு. ஒன்று செத்தால் அழாதே, சுட்டுத் தள்ளிவிட்டு வேறொன்றை எழுப்பு. ஏன் செத்தது என்று பார்ப்பது நேர விரயம். இதைச் சொன்னவர்கள் யாரும் மாடு வளர்த்ததில்லை என்பது மட்டும் எனக்கு நிச்சயம். எங்கள் ஊரில் ஒரு மாடு திடீரென்று செத்தால் கால்நடை மருத்துவர் வந்து அறுத்துப் பார்ப்பார். இன்சூரன்ஸ் வாங்கவும் அவர் சான்றிதழ் வேண்டும், காதில் மாட்டிய வில்லை வேண்டும். அதைவிட முக்கியம், அடைப்பானா வேறு நோயா என்று தெரியாமல் அடுத்த மாட்டை அதே கொட்டகையில் கட்டமாட்டான் மாட்டுக்காரன். ஒரே அச்சில் வார்த்த 43 இயந்திரங்கள் எங்களிடம் இருந்தன. 43-லும் அதே பேக்கப் மாட்யூல். ஒன்றைச் சுட்டுத் தள்ளிவிட்டு அதே அச்சில் இன்னொன்றை எழுப்பினால் எந்த வியாதி போகும்?

பாதுகாப்பு என்று வாதிடுபவர்களின் கட்சியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் கையில் நிஜமான ஆயுதம் ஒன்று இருக்கிறது. 2015 மே மாதம் வெளிவந்த வெனம். க்யூஎமுவின் ஃப்ளாப்பி கட்டுப்பாட்டுப் பகுதியில் 2004-லிருந்தே ஒரு ஓட்டை. விருந்தாளி இயந்திரத்துக்குள் இருப்பவன் அதன் வழியே தாய் சர்வருக்குள் தாவலாம். ஃப்ளாப்பியை நீக்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தவர்களின் இயந்திரங்களிலும் அந்தப் பகுதி உள்ளே உயிரோடு இருந்தது. கண்டுபிடித்தவர் கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் ஜேசன் கெஃப்னர். யாரும் பயன்படுத்தாத பழைய சாதனம் எவ்வளவு பெரிய கேடு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஒப்புக்கொள்கிறேன். ஃப்ளாப்பியை நீக்குங்கள், கைதட்டுகிறேன். ஆனால் 'யாரும் பயன்படுத்தாத' என்பதுதான் அந்த வாக்கியத்தின் உயிர். விஎம்வேர் சர்வர்களுக்கான சிஐஎஸ் வழிகாட்டியில்கூட, தேவையற்ற, அனுமதியற்ற சீரியல் சாதனங்களைத் துண்டிக்கத்தான் சொல்கிறார்கள். அந்த இரண்டு பெயரடையும் எங்கள் தணிக்கையாளரின் எக்செல் தாளுக்கு வந்து சேரும் வழியில் எங்கோ விழுந்துவிட்டன.

எதை நீக்கலாம், எதை வைக்கலாம் என்று நிஜமாகவே உட்கார்ந்து யோசித்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 2018-இல் அமேசான் ஃபயர்கிராக்கர் என்று ஒன்றை வெளியிட்டது. மெய்நிகர் இயந்திரத்தின் உறுப்புகளை எலும்புவரை குறைப்பதே அதன் நோக்கம். யுஎஸ்பி கிடையாது, திரை கிடையாது, ஃப்ளாப்பி, பேரலல் எதுவும் கிடையாது. வைத்துக்கொண்டவை எவை? நெட்வொர்க், டிஸ்க், தாய் சர்வரோடு பேச ஒரு சாக்கெட், இயந்திரத்தை நிறுத்த மட்டும் பயன்படும் ஒரே விசை கொண்ட கீபோர்டு, பிறகு ஒரு சீரியல் கன்சோல். 1981-இன் 8250 குடும்பம்! உற்பத்திச் சூழலில் அதை அணைத்து வைக்கலாம் என்றும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். காரணம் 'பழசு' அல்ல. விருந்தாளி நிறுத்தாமல் எழுதித் தள்ளினால் தாய் சர்வரின் இடம் நிரம்பிவிடும் என்பது. அது அளந்து சொன்ன காரணம். அதற்குப் பதில் சொல்ல முடியும், சேமிக்கும் கோப்புக்கு ஓர் உச்சவரம்பு வைத்தால் போதும். 'பழசு' என்பதற்கு என்ன பதில் சொல்வது?

அதே அமேசான் 2006-இல் வாடகை இயந்திரங்களை விற்க ஆரம்பித்தபோது, சீரியலில் வந்ததைப் படிக்கத்தான் முடியும், திருப்பிப் பேச முடியாது. உள்ளே போய்த் தட்டக்கூடிய சீரியல் கன்சோலைக் கொடுத்தது 2021 மார்ச்சில். 15 வருடம் கழித்து. கேட்டுக் கேட்டு வாங்கினோம் என்றுதான் சொல்வேன். உலகத்தின் ஆகப் பெரிய கால்நடைப் பண்ணை வைத்திருப்பவர்களே, 60 வயதான கம்பியை 2021-இல் புதிய வசதி என்று அறிவிக்க வேண்டியிருந்தது.

அதே வருடம் அக்டோபர் 4-ஆம் தேதி ஃபேஸ்புக் ஆறு மணிநேரம் போல மறைந்துபோனது நினைவிருக்கும். தவறான ஒரு கட்டளை, மொத்த நெட்வொர்க்கும் துண்டிப்பு. மாற்று வழியாக வைத்திருந்த தனி நெட்வொர்க்கும் சேர்ந்து விழுந்ததால், ஆட்களை நேரில் தரவு மையத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அவசர வழி பிரதான வழியோடு சேர்ந்து விழக்கூடாது என்ற பாடத்தை அவ்வளவு பெரிய நிறுவனமே அவ்வளவு செலவு செய்து படித்தது. எங்கள் கதையில் விஎன்சி திரை தரும் மேலாண்மைப் பலகை, அதே சர்வர் கூட்டத்துக்குள் ஓடும் இன்னொரு மெய்நிகர் இயந்திரம். கூட்டம் விழுந்தால் பலகையும் விழும். சீரியல் தாய் சர்வரிலேயே முடிகிறது, நடுவில் ஒரு தரகரும் இல்லை.

விண்டோஸ்காரர்களும் இதைத் தங்களுக்குச் சம்பந்தமில்லாத லினக்ஸ் புராணம் என்று நினைக்க வேண்டாம். சீரியல் வழியே பேசும் அவசரக் கன்சோல் விண்டோஸ் சர்வரில் 2003 முதல் இருக்கிறது. 2024 ஜூலையில், வெனத்தைக் கண்டுபிடித்த அதே கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு கோப்பால் 85 லட்சம் விண்டோஸ் இயந்திரங்கள் நீலத் திரையோடு நின்றன என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. மேகத்தில் இருந்த இயந்திரங்களுக்கு ஆட்கள் செய்தது என்ன? செத்த இயந்திரத்தின் டிஸ்க்கைக் கழற்றி, உயிரோடு இருக்கும் இன்னொன்றில் மாட்டி, ஒரு கோப்பை அழித்து, திரும்ப மாட்டினார்கள். ஒவ்வொன்றாக. கதவு இல்லாத வீட்டில் ஓட்டைப் பிரித்து இறங்குகிற மாதிரி.

இதில் யாரும் பேசாத ஒரு விஷயம் உண்டு. என் நண்பர் ஒருவருக்குப் பார்வை கிடையாது. இருபது வருடமாக இதே துறையில் இருக்கிறார், என்னைவிடக் கெட்டிக்காரர். திரைவாசிப்பான் வைத்து வேலை செய்கிறார். விஎன்சி திரை அவருக்கு ஒரு சுவர். அதில் இருப்பது எழுத்தல்ல, எழுத்தின் படம். சீரியல் கன்சோலில் வருவது எழுத்து. அது காதுக்கு வரும், தேடலாம், நகலெடுக்கலாம், ஒருவருக்கு அனுப்பலாம். "கன்சோலை எடுத்துட்டா நான் நைட்டு யாரையாவது எழுப்பி, திரையில என்ன இருக்கு, படிங்கன்னு கெஞ்சணும் சார்" என்றார். அவர் அலுவலகத்தில் எடுக்கவில்லை. அவர் அங்கே இருப்பதால் எடுக்கவில்லை.

பேரலல் போர்ட்டைப் பற்றி எனக்கு இந்த உருக்கமெல்லாம் கிடையாது. எட்டுக் கம்பியில் எட்டு பிட்டும் கைகோத்துக்கொண்டு போகும், பிரிண்டருக்கு. மெய்நிகர் இயந்திரத்தில் நூற்றில் தொண்ணூற்றொன்பது இடத்தில் அது குப்பைதான், எடுத்துவிடுங்கள். அந்த மீதி ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். ஒரு ஜவுளி மொத்த வியாபாரி, டாஸ் காலத்து கிளிப்பர் கணக்கு நிரல், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். கம்ப்யூட்டர் செத்துப்போனது, நிரலை எழுதியவர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். நிரலை மெய்நிகர் இயந்திரத்துக்குள் தூக்கி வைத்து, பாவனைப் பேரலல் போர்ட் ஒன்று கொடுத்து, அதில் வருவதை ஒரு கோப்பில் கொட்டச் சொல்லி, அந்தக் கோப்பை அப்படியே புதிய பிரிண்டருக்கு அனுப்பினோம். பில்லில் கோடுகூடப் பழைய இடத்திலேயே விழுந்தது. முதலாளி பில்லைத் தடவிப் பார்த்தார். ஆக, அங்கேயும் கேட்க வேண்டிய கேள்வி 'எந்தக் காலத்தது' அல்ல, 'யாருக்கு வேண்டும்' என்பதுதான்.

சீரியலை வைத்துக்கொள்வதென்றால் ஒழுங்காக வைத்துக்கொள்ள வேண்டும். பல இடங்களில் அது பெயருக்குத்தான் இருக்கிறது. விர்ஷ் கன்சோல் தட்டினால் இணைந்துவிட்டது என்று வரும், பிறகு கறுப்பு. எத்தனை தடவை என்டர் தட்டினாலும் கறுப்பு. வாசல் திறந்திருக்கிறது, உள்ளே ஆள் இல்லை. கெர்னலுக்கு டிடிஒய்எஸ்0-வில் பேசு என்று நாம் சொல்லவே இல்லை. துவக்க வரியில் கன்சோலாக முதலில் டிடிஒய்0, பிறகு டிடிஒய்எஸ்0 என்று இரண்டையும் கொடுக்க வேண்டும். கடைசியில் வருவதுதான் முதன்மைக் கன்சோல், வரிசை மாறினால் பாதிப் பேச்சு வேறு பக்கம் போய்விடும். கிரப் நிரலுக்கும் தனியாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் சீரியலில் தெரியாது. அது தெரியாமல் மற்றதெல்லாம் இருந்து என்ன பயன்?

லிப்வர்ட்டில் வகையைப் பிடிஒய் என்று போடுவது வழக்கம். அதில் ஒரு பொறி உண்டு. யாரும் பார்த்துக்கொண்டிருக்காதபோது வருவதெல்லாம் காற்றில் போகும். இரவு 2 மணிக்கு யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? அதனால் கூடவே சேமிக்கும் கோப்பு அவசியம். லிப்வர்ட்டின் பதிவுச் சேவை அதை அளவு பார்த்துச் சுழற்றிக்கொள்ளும். வேகமாக இருக்கிறதே என்று விர்ட்டியோ கன்சோலை மட்டும் வைப்பவர்கள் உண்டு. அது டிரைவர் ஏறிய பிறகுதான் வாய் திறக்கும், துவக்கத்திலேயே சாகிற இயந்திரத்துக்கு உதவாது. அதே சமயம், சாதாரண நாளில் தொணதொணவென்று எல்லாவற்றையும் சீரியலில் கொட்டவும் கூடாது. ஒவ்வொரு எழுத்துக்கும் விருந்தாளி நின்று தாய் சர்வரைக் கூப்பிட வேண்டியிருப்பதால் இயந்திரமே மந்தமாகும்.

டிசிபி வகையில் எல்லா முகவரிக்கும் திறந்துவைத்த சீரியல் ஒன்றை நான் நேரில் பார்த்திருக்கிறேன். கடவுச்சொல் கிடையாது, மறையாக்கம் கிடையாது, டெல்நெட் தட்டினால் ரூட் உட்கார்ந்திருக்கிறது. தணிக்கையாளர்களே, மஞ்சள் அல்ல, சிவப்பு போடுங்கள் அதற்கு. சேமித்த கோப்பில் கடவுச்சொற்கள் கசிகின்றனவா என்று பாருங்கள், முதல் துவக்கத்தில் சில நிரல்கள் அச்சடித்துவிடும். இதையெல்லாம் கேட்க உங்களுக்குக் கொஞ்சம் படிக்க வேண்டியிருக்கும். தாய் சர்வரில் ரூட்டாக இருப்பவன் மட்டும் தொடக்கூடிய சீரியலை ஆபத்து என்று எழுத எதுவும் படிக்க வேண்டியதில்லை. அவன் கையில் இயந்திரத்தின் முழு டிஸ்க்கே இருக்கிறது, சீரியலை வைத்துப் புதிதாக எதைத் திருடப் போகிறான்?

43 இயந்திரங்களுக்கும் திரும்ப எழுத ஒரு மாதம் ஆனது. ஒவ்வொன்றையும் நிறுத்த நேரம் வாங்க வேண்டியிருந்தது. எடுக்க நாலு நாள்.

இந்த வருடம் தணிக்கைக்கு வேறொருவர் வந்தார். அதே எக்செல் தாள். "இது மறுபடி எப்படி சார் வந்துச்சு?" என்றார். அந்த நூற்றுச் சொச்சம் வரிகளைத் திறந்து காட்டினேன். பொறுமையாகப் படித்தார், கேள்வி கேட்டார். நல்ல மனிதர். "எனக்குப் புரியுது சார், ஆனா டெம்ப்ளேட்டை நான் மாத்த முடியாது. விதிவிலக்குன்னு போட்டுக்கலாம், வருஷா வருஷம் புதுப்பிக்கணும்" என்றார். 43 வரிசை. ஒவ்வொன்றிலும் 'வணிகத் தேவை' என்று ஒரு கட்டம், 200 எழுத்துக்கு மேல் ஏற்காது. முதல் கட்டத்தில் 'இறக்கும்போது காரணம் சொல்ல' என்று தட்டினேன். மேலாளர் பார்த்துவிட்டு, "என்ன சார் இது, அபசகுனமா?" என்றார். அழித்துவிட்டு 'பிழை ஆய்வு' என்று போட்டு, கீழே 42 வரிசைக்கும் இழுத்துவிட்டேன். அடுத்த மார்ச் வரை செல்லும்.